ஸ்பானிய மக்களின் கூட்டுப் பெயர்கள்

எவரும் அறியாத ஒருவனை 'ஊர் பேர் தெரியாதவன்' என்று கூறுவது நம்மவர் வழக்கம். ஊரும் பேரும் நம் பேச்சிலே இணைந்து நடப்பவை. எனினும் அவை இரண்டும் வெவ்வேறானவை. ஸ்பானிய மக்களோ ஊரையும் பேரையும் ஒன்றாகப் பிணைத்துக் குழந்தைக்குச் சூட்டும் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். ஊரை மட்டுமன்று, ஒரு மலையை, ஒரு தூணை, ஒரு தாயின் துயரத்தை, சிறை மீட்ட கருணையை, அகாலத்தில் பெய்த பனியைக்கூட அவர்கள் பெயருக்குள்ளே பொதிந்து வைத்திருக்கிறார்கள். அப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, அவற்றின் பொருள் யாது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

வெளிநாட்டுச் செய்திகளிலே ஹுவான் கார்லோஸ், ஹொசே மரியா, மரியா டெல் கார்மென் என்பன போன்ற பெயர்களைக் கேட்கின்றோம். முதலிற் கூறப்படுவது ஆளின் பெயர், அடுத்து வருவது குடும்பப் பெயர் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொள்வதுண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது. அவ்விரு சொற்களும் சேர்ந்தே ஒரு பெயர். குடும்பப் பெயர்கள் அதன் பின்னர் வருவன. அவையும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு. 1975ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை ஸ்பெயினை ஆண்ட மன்னரின் பெயர் ஹுவான் கார்லோஸ். ஹுவான் என்பது அவருடைய தந்தையின் பெயர். கார்லோஸ் என்பது தாயைப் பெற்ற பாட்டனாரின் பெயர். இரு குலத்தாரையும் தாங்கி நிற்கும் அப்பெயரைப் பாதியாக வெட்டி, ஹுவான் மன்னர் என்று வழங்கினால் அது அவரைக் குறிப்பதாகாது.

இப்பெயர்முறை ஆதியிலிருந்தே அந்நாட்டில் இருந்து வந்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டிலே அங்கு புகுந்த விசிகோத்தியர் என்னும் ஜெர்மானிய இனத்தவர் ரொட்ரிகோ, பெர்னாண்டோ, அல்போன்சோ முதலிய பெயர்களைக் கொண்டுவந்தனர். இடைக்காலத்தில் ஒருவருக்குச் சூட்டப்பட்டது பெரும்பாலும் ஒரு பெயரே. அதனோடு தந்தையின் பெயர் ஒரு விகுதி பெற்றுச் சேர்ந்தது. ரொட்ரிகோவின் மகன் ரொட்ரீகெஸ். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டெஸ். சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ். 1099ஆம் ஆண்டில் வலென்சியாவில் இறந்த மாவீரன் எல் சித் என்பவனின் இயற்பெயர் ரொட்ரிகோ டியாஸ், அதாவது டியேகோவின் மகன் ரொட்ரிகோ. அவன் தந்தையோ டியேகோ லயினெஸ், அதாவது லயின் என்பானின் மகன் டியேகோ. தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த இத்தகப்பன் பெயர் காலப்போக்கில் மாறாத குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

இவ்வாறிருக்க, மக்கள் சூட்டிய பெயர்களின் தொகை நாளடைவிற் சுருங்கலாயிற்று. கிறிஸ்தவ அர்ச்சிஷ்டர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் வலுப்பெற்றபோது ஊரெங்கும் ஹுவான், பெத்ரோ, பிரான்சிஸ்கோ, மரியா என்ற பெயர்களே மலிந்தன. ஞானஸ்நானத்தின்போது அர்ச்சிஷ்டர் ஒருவரின் பெயரையே குழந்தைக்கு இடவேண்டும் என்று 1566ஆம் ஆண்டில் வெளியான உரோமைத் திருச்சபையின் ஞானோபதேச நூல் அறிவுறுத்தியது. அவ்வர்ச்சிஷ்டரின் வாழ்க்கை குழந்தைக்கு முன்மாதிரியாகும். அவர் அதற்காகப் பரிந்து பேசுவார் என்பது அதன் கருத்து. பாடசாலை ஆசிரியர்களுக்கு இதனால் விளையும் இடர்ப்பாடு நன்கு விளங்கும். வகுப்பு இடாப்பிலே ஒரே பெயருடையார் மூவர் இருப்பின், 'பெரிய', 'சின்ன' என்றோ, ஊரைக் கூட்டியோ வேறுபடுத்தாமல் காரியம் நடவாது. ஸ்பானியரும் இரண்டாவது சொல்லொன்றைக் கூட்டியே வேறுபடுத்தினர்.

அர்ச்சிஷ்டர்களிடையேயும் அவ்வேறுபாடு வேண்டப்பட்டது. ஹுவான் என்னும் பெயருடையார் பலர். ஸ்நானம் கொடுத்தவர் ஹுவான் பௌத்திஸ்தா. கிரனாடா நகரில் நோயாளருக்குத் தொண்டு செய்து 1550ஆம் ஆண்டில் மறைந்தவர் ஹுவான் டி தியோஸ், அதாவது 'இறைவனின் ஹுவான்'. 1729இல் அர்ச்சிஷ்டர் பட்டம் பெற்ற பொகீமிய நாட்டுக் குரு ஹுவான் நெப்போமுசெனோ. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் முழுமையாகவே குழந்தைகளுக்கு இடப்பட்டன. ஆதலின், அடைமொழியாகப் பிறந்த சொல் பெயரின் உறுப்பாக மாறிற்று.

இவற்றுள் நமக்கு நெருக்கமானது பிரான்சிஸ்கோ ஹாவியேர் என்னும் பெயர். 1542ஆம் ஆண்டில் தமிழகத்து முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே பணியாற்றிய சவேரியாரே இவர். நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர் ஹாவியேர். பாஸ்க் மொழியில் அதன் மூலம் 'புதிய வீடு' என்று பொருள்படும். 1622ஆம் ஆண்டில் அவர் அர்ச்சிஷ்டராக உயர்த்தப்பட்டபின் அவ்வீட்டுப் பெயர் ஸ்பானியச் சிறுவர்களின் பெயராயிற்று. நம் நாட்டிலே அது சவேரியார் என்றும் சவரிமுத்து என்றும் தமிழுருப் பெற்று, நமக்கே உரிய பெயர்போல் வழங்குகின்றது. எங்கோ ஒரு மலைநாட்டு மாளிகையின் பெயர் மன்னார்க் கடலோரத்துக் குடிசையிலும் ஒலிப்பதற்குக் காரணம் இதுவே.

இனிப் பெண்களின் பெயர்களைக் காண்போம். கூட்டுப் பெயர்களின் செழிப்பெல்லாம் இங்கேயே இருக்கின்றது. தேவமாதாவின் மீது ஸ்பானியர் கொண்ட பக்தி பெரிது. ஆகவே மரியா என்ற பெயர் எங்கும் நிறைந்தது. ஆனால், எல்லாரும் மரியாவாக இருக்கும் ஊரில் எந்த மரியா என்று கேள்வி எழுமன்றோ? தேவமாதாவுக்கு வழங்கிய திருநாமங்களே அதற்கு விடையளித்தன.

சரகோசா நகரில் எப்ரோ ஆற்றங்கரையிலே, கி.பி. 40ஆம் ஆண்டில், அப்போஸ்தலர் சந்தியாகுவுக்கு மாதா ஒரு தூணின் மேல் காட்சியளித்தார் என்பது மரபுக் கதை. தூணுக்கு ஸ்பானிய மொழியில் பிலார் என்று பெயர். அதனின்றும் பிறந்தது மரியா டெல் பிலார், அதாவது 'தூணின் மரியா'. பலஸ்தீனத்துக் கார்மேல் மலையின் பெயரால் வந்தது மரியா டெல் கார்மென். கார்மென் என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியிலே பாட்டு என்ற பொருளும் இருப்பதால் அப்பெயர் மேலும் இனிமை பெற்றது. கார்மென் மாதா மீனவரின் காவலி. ஜூலை 16ஆம் நாள் திருவிழாவில் கடலோர ஊர்களிலே திருவுருவத்தைப் படகேற்றிச் செல்வர்.

மரியா டி லோஸ் டொலோரெஸ் என்றால் துயரங்களின் மரியா. மரியா டி லா சொலெதாத் என்றால் மகனைக் கல்லறையில் வைத்தபின் தனித்திருந்த மரியா. உரோமாபுரியிலே ஆகஸ்ட் மாதத்துக் கடுங்கோடையில் பனி பெய்து, கோவில் கட்டவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்னும் கதையிலிருந்து வந்தது மரியா டி லாஸ் நியேவெஸ், அதாவது பனியின் மரியா. பாவமாசற்ற உற்பவத்தைக் குறிப்பது மரியா டி லா கொன்செப்சியோன். செபமாலையைக் குறிப்பது மரியா டெல் ரொசாரியோ.

நேயர்களே, இப்பொருள்களைக் கேட்கும்போது உங்களிற் சிலருக்கு நம் நாட்டுப் பெயர்களும் நினைவுக்கு வரலாம். தமிழ்க் கத்தோலிக்கரிடையே அமலோற்பவம், செபமாலை, வியாகுலம் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அமலோற்பவம் என்பவள் கொன்செப்சியோனின் பெயருடையாள். செபமாலை ரொசாரியோவுக்கும், வியாகுலம் டொலோரெஸுக்கும் நேரானவை. ஒரே வேரிலிருந்து வெவ்வேறு நிலங்களில் முளைத்த செடிகள் இவை.

மெர்செதெஸ் என்னும் பெயரின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. கடற்கொள்ளையராலும் போராலும் முஸ்லிம் நாடுகளில் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்கும் பொருட்டு, 1218ஆம் ஆண்டில் பார்சலோனா நகரிலே பேதுரு நொலாஸ்கோ என்பார் கருணை மாதாவின் பெயரால் ஒரு துறவற சபையை நிறுவினார். மீட்புப் பணம் போதாவிடின் சிறைப்பட்டவனுக்கு ஈடாகத் தாமே பிணையாக நிற்போம் என்று அச்சபையினர் சத்தியம் செய்தனர். அக்கருணையைக் குறிக்கும் சொல்லே மெர்செத். அதன் பன்மை மெர்செதெஸ். 1889ஆம் ஆண்டில் வியன்னாவிலே எமில் ஜெலினெக் என்ற வணிகர் தம் மகளுக்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் விற்ற மோட்டார் வண்டிகளுக்கும் அம்மகளின் பெயரே இடப்பட்டது. 1902இல் அது வணிகப் பெயராகப் பதிவு செய்யப்பட்டது. நம் தெருக்களிலே ஓடும் மெர்சிடிஸ் வண்டியின் முகப்பில் இருப்பது, சிறை மீட்ட மாதாவின் பெயரே என்பதை நினைப்பார் சிலரே.

இப்பெயர்களில் இலக்கண நயமும் ஒன்றுண்டு. பிலார், ரொசாரியோ என்பன ஸ்பானிய மொழியில் ஆண்பாற் சொற்கள். டொலோரெஸ், மெர்செதெஸ், நியேவெஸ் என்பன பன்மைச் சொற்கள். ஒரு பெண்ணுக்கு ஆண்பாற் சொல்லும் பன்மைச் சொல்லும் பெயராவது எங்ஙனம்? மரியா என்ற சொல் முன்னே மறைந்து நிற்பதனாலேயே. நம் இலக்கணத்தில் சொல்லோ உருபோ தொக்கு நிற்றல் என்று கூறுவோமன்றோ, அதனை ஒத்தது இது. ஊரார் மரியாவைக் கைவிட்டுப் பிலார் என்றே அழைப்பர். எழுதும்போதோ மரியாவை முதலெழுத்தும் கடையெழுத்துமாகச் சுருக்கி எழுதுவர். பெண்ணின் பெயரில் யாவருக்கும் பொதுவான பாதி அடங்கிவிட, அவளுக்கே உரிய பாதி முன்னின்று ஒலிக்கிறது.

ஆடவரும் மரியாவின் பெயரைத் தாங்குவர். ஹொசே மரியா என்பது ஆண். மரியா ஹொசே என்பது பெண். எது முதலில் நிற்கின்றதோ அதுவே பாலைத் தீர்மானிக்கும். ஹொசே என்பார் சூசையப்பர். இடைக்கால ஸ்பெயினிலே அப்பெயர் அருகியே வழங்கிற்று. ஆவிலா நகரத்துத் தெரேசா அம்மையார் 1562ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய கன்னியர் மடத்துக்குச் சூசையப்பரின் பெயரையிட்டு அவர் பக்தியைப் பரப்பினார். அதன்பின் அப்பெயர் நாடெங்கும் பரவி, மரியாவின் பெயரோடும் இணைந்தது. மெக்சிக்கோவின் விடுதலைக்குப் படை நடத்தி 1815ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட மொறெலோஸ் என்னும் குருவின் பெயரும் ஹொசே மரியாவே.

பிறந்த நாளுக்குரிய அர்ச்சிஷ்டரின் பெயரைக் கூட்டுதலும் வழக்காயிற்று. நம்மவர் பிறந்த நட்சத்திரம் பார்த்துப் பெயரின் முதலெழுத்தைத் தேர்வதைப் போன்றது இது. ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளில், 1861ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிறந்த தேசியத் தலைவர் ரிசாலின் பெயர் ஹொசே புரொத்தாசியோ. அர்ச். புரொத்தாசியுவின் திருநாள் அதுவே. செல்வர் வீடுகளில் இவ்வாறு கூட்டிக் கூட்டிப் பெயர்கள் நீண்டன. 1783ஆம் ஆண்டில் கராகஸ் நகரிற் பிறந்த விடுதலை வீரர் பொலிவாரின் பெயர் சிமோன் ஹொசே அன்டோனியோ டி லா சாந்தீசிமா திரினிதாத். இறுதிப் பகுதி 'பரிசுத்த திரித்துவத்தின்' என்று பொருள்படும். 1881இல் மாலகாவிற் பிறந்த ஓவியர் பிக்காசோவின் ஞானஸ்நானப் பெயரிலே பிரான்சிஸ்கோ டி பவுலா, ஹுவான் நெப்போமுசெனோ, மரியா டி லோஸ் ரெமெதியோஸ் எனப் பல கூட்டுப் பெயர்கள் ஒருங்கே அடங்கியிருந்தன.

இதுகாறும் கூறியவை அன்பினாலும் பக்தியினாலும் சூட்டிய பெயர்கள். வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் காணுதல் வேண்டும். மெக்சிக்கோவை ஸ்பானியர் 1521ஆம் ஆண்டில் வென்றபின், அந்நாட்டு மக்கள் ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுட் பலருக்குக் கிடைத்தவை இரு ஞானப் பெயர்களே. இரண்டாவது பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் நின்றது. 1531ஆம் ஆண்டில் குவாதலூப்பே மாதாவின் காட்சியைக் கண்டதாக மரபு கூறும் குடியானவர் ஹுவான் டியேகோ ஆவார். குவாவ்த்லதோவாட்சின் என்பது அவருடைய பழைய பெயர் என்பர். பிரபுவின் வீட்டிலே இரட்டைப் பெயர் செல்வத்தின் அடையாளம். வெல்லப்பட்டவனின் வீட்டிலோ, அவனுக்கென வேறு குலப்பெயர் எஞ்சவில்லை என்பதன் அடையாளம்.

ஸ்பெயினிலேயே இதனினும் கொடியது நிகழ்ந்தது. கிரனாடாவின் முஸ்லிம் அரசு 1492ஆம் ஆண்டில் வீழ்ந்தபின், அங்கிருந்த முஸ்லிம்கள் சில ஆண்டுகளில் மதம் மாறுமாறு வற்புறுத்தப்பட்டனர். மாறியவர்களை மொரிஸ்கோக்கள் என்றனர். 1567ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இரண்டாம் பிலிப்பு மன்னரின் கட்டளை கிரனாடாவில் அறிவிக்கப்பட்டது. அரபு மொழியைப் பேசலாகாது. பழைய உடை உடுத்தலாகாது. பழைய பெயர்களை வழங்கலாகாது என்பது அதன் சாரம். பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலேய் என்னும் மொரிஸ்கோ முதியவர் அரச மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பழம்பெயர்கள் அழிந்தால் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அறிவர், குலங்களின் நினைவு எங்ஙனம் நிலைக்கும் என்று அவர் வாதித்தார். பிரான்சிஸ்கோ என்ற கிறிஸ்தவப் பெயரையும் முலேய் என்ற அரபுப் பெயரையும் ஒருங்கே தாங்கிய அம்முதியவரின் பெயரே அவ்வாதத்துக்குச் சான்றாக இருந்தது. எனினும் அவர் குரல் ஏற்கப்படவில்லை.

1568ஆம் ஆண்டின் இறுதியில் மலைநாட்டிலே கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியாளர் தமக்கு அரசனாகத் தெரிந்துகொண்டவன் பெர்னாண்டோ டி வலோர் என்ற பிரபு. அவன் ஞானஸ்நானப் பெயரைக் களைந்து, அபென் உமேயா என்ற மூதாதையர் பெயரை மீண்டும் பூண்டான். அக்கிளர்ச்சியை அடக்க மன்னர் அனுப்பிய தளபதி, அவருடைய தம்பி முறையான ஆஸ்திரியாவின் டொன் ஹுவான். கிளர்ச்சி 1571இல் முற்றாக ஒடுங்கிற்று. பின்னர் 1609 முதல் 1614 வரையுள்ள ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டை விட்டே துரத்தப்பட்டனர். அவர்களும் ஹுவான்களே, மரியாக்களே. ஞானஸ்நானம் பெற்ற அப்பெயர்கள் அவர்களைக் காக்கவில்லை.

அந்த டொன் ஹுவானின் பெயர் நம் இலங்கைக்கும் வந்தது. கண்டியைச் சேர்ந்த கோணப்பு பண்டாரனுக்குப் போர்த்துக்கேயர் ஞானஸ்நானம் அளித்து, 'ஆஸ்திரியாவின் டொம் ஜுவான்' என்று பெயரிட்டனர். ஹுவான் என்பதன் போர்த்துக்கேய வடிவமே ஜுவான். 1580ஆம் ஆண்டு முதல் போர்த்துக்கல்லும் அதே இரண்டாம் பிலிப்பின் முடியின் கீழ் வந்திருந்தது. ஆனால், கோணப்பு பண்டாரன் அப்பெயரைத் துறந்து விமலதர்மசூரியன் என்ற பெயருடன் கண்டியில் முடி புனைந்து, 1594ஆம் ஆண்டில் தந்துறைப் போரிலே போர்த்துக்கேயப் படையை நிர்மூலமாக்கினான். கிரனாடாவின் பெர்னாண்டோ டொன் ஹுவானை எதிர்த்துப் பொருதான். கண்டியின் தலைவனோ, டொன் ஹுவானின் பெயரையே சூட்டியவர்களை எதிர்த்துப் பொருதான். தம் மக்களுக்குத் தலைமை தாங்கியபோது இருவரும் முதலிற் செய்தது, பிறர் இட்ட பெயரைக் களைந்ததே.

பெயர்மீது அரசு கைவைத்தல் அத்தோடு முடியவில்லை. உள்நாட்டுப் போரின்போது, 1938ஆம் ஆண்டில், பிராங்கோவின் அரசாங்கம் பெயர்களை ஸ்பானிய மொழியிலேயே பதிய வேண்டுமென ஆணையிட்டது. கத்தலானியரின் ஜோர்டி ஏட்டிலே ஹோர்ஹே ஆனான். 1977ஆம் ஆண்டுச் சட்டமே நாட்டின் ஏனைய மொழிகளிலும் பெயரைப் பதியும் உரிமையை மீட்டளித்தது. 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிப்பதிவுச் சட்டத்தின்படி ஒருவருக்கு இரு தனிப் பெயர்கள் அல்லது ஒரு கூட்டுப் பெயரே பதியப்படும். பிக்காசோவின் பெயர்போன்ற நெடும்பெயருக்கு அவ்வேட்டில் இடமில்லை. இளந்தலைமுறையினர் சுருங்கிய தனிப் பெயர்களையே விரும்புகின்றனர் எனினும், மூத்த பெண்மணிகளிடையே மரியா கார்மென் என்ற பெயர் இன்றும் மிகப் பரவலாக உள்ளது.

ஏட்டில் எப்படி எழுதப்பட்டாலும், வீட்டிலே பெயர் வேறொரு வாழ்வு வாழ்கிறது. டொலோரெஸ் லோலாவாகிறாள், துயரம் என்ற பொருள் மறைந்து செல்லம் மட்டுமே எஞ்சுகிறது. மரியா தெரேசா மைத்தே. மரியா இசபெல் மரிபெல். ஹுவான் மனுவேல் ஹுவான்மா. ஹொசே மரியா செமா. மரியா டி லா சொலெதாத் என்ற தனிமையின் மரியா, மரிசோல் என்று குறுகும்போது, கடலும் ஞாயிறும் என்ற பொருள் தொனிக்கின்றது. ஹொசேயைப் பெப்பே என்பர். சூசையப்பரைக் குறித்த இரு லத்தீன் சொற்களின் முதலெழுத்துக்களால் அது வந்தது என்று கதை சொல்வாருமுண்டு. ஹொசெப்பே என்ற பழைய வடிவத்தின் குறுக்கமே அது என்பதே பொருத்தமாகும்.

நேயர்களே, ஸ்பானியக் கூட்டுப் பெயர் ஒவ்வொன்றிலும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று யாவரோடும் ஒருவரைச் சேர்ப்பது; மற்றது அவரைத் தனித்துக் காட்டுவது. மனிதருக்கு அவ்விரண்டும் வேண்டும். நூனியெஸ் முலேய் தம் விண்ணப்பத்தில் வேண்டியதும் அதுவேயன்றி வேறில்லை. பிற நாட்டார் ஒருவரைச் சந்திக்க நேரும்போது, அவர் பெயரை நம் வசதிக்கேற்ப வெட்டாது, 'உங்களை எவ்வாறு அழைத்தல் வேண்டும்?' என்று கேட்டு அறிதல் நற்பண்பாகும். நம் பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்குவோமாக.